படகில் முடிந்த படங்கள்

மட்டாஞ்சேரி பஜாரில் மாநில சினிமா விருது வருஷத்துக்கு இரண்டு தடவை அறிவிக்கப்படும். முதல் தடவை திருவனந்தபுரத்தில். மந்திரி மைக் முன்னால் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்து வாசிப்பார், டிவியில் காட்டுவார்கள். இரண்டாம் தடவை மறுநாள் காலை பத்தேகாலுக்கு, அருண்பாண்டியின் சாயாக்கடையில். அங்கே மைக்கும் கிடையாது, காகிதமும் கிடையாது. வெங்கிடராமன் சாயா கிளாஸை மேஜைமேல் வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தால் போதும். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் முதல் ஏலக்காய்க் கடை சேட்டு வரை காதைத் தீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். முதல் அறிவிப்புக்கு ஊரில் மரியாதை உண்டு. நம்பிக்கை என்னவோ இரண்டாவதில்தான்.

"நல்ல நடிகன்னு கவர்ன்மென்ட் ஒருத்தனைச் சொல்லியிருக்கு. சரி, சந்தோஷம். அவன் அந்தப் படத்துல என்ன பண்ணினான்? தாடி வளர்த்தான். தாடிக்கு அவார்டு குடுக்கணும்னா நம்ம இசக்கிமுத்துவுக்கும் குடுக்கலாம்" என்று ஆரம்பிப்பார். தாடிவைத்த இசக்கிமுத்து உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு தன் தேர்வைச் சொல்வார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வார். எந்தக் காட்சி, அதில் அந்த ஆள் எந்தக் கையால் தண்ணீர்ச் சொம்பை எடுத்தான் என்பது வரை சொல்வார். ஐந்தாறு வருஷம் கழித்து, "அன்னிக்குச் சாமி சொன்னதாக்கும் சரி" என்று பஜாரே ஒப்புக்கொண்ட கேஸ்கள் எத்தனையோ உண்டு. அதனால் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று யார் சொன்னது?

பஜாருக்கு அவர் சாமி. வயது அறுபத்து மூன்று. குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து வந்தது. பஜாரில் ஒரு பெரிய மிளகுக் கடையில் சரக்கு பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. மூட்டையின் வாயைத் திறந்து மேலாக ஒரு பிடி எடுத்துக் காட்டி யாரும் அவரிடம் தப்பிக்க முடியாது. குத்தூசியை எடுத்துச் சாக்கின் அடிவயிற்றில் சொருகி, அங்கிருந்து வருகிற மிளகை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். மேலே நல்ல மணியும் அடியில் சொத்தையும் போட்டுக் கொண்டு வருகிறவன் இவரைக் கண்டால் மூட்டையைத் திரும்பக் கட்டிவிடுவான்.

சினிமாவுக்கும் அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தார். பார்க்காத படத்தைப் பற்றிப் பேசமாட்டார். நாற்பது வருஷத் தேர்வுகளும் மனப்பாடம். எந்த வருஷத்தைக் கேட்டாலும் அரசாங்கம் யாருக்குக் கொடுத்தது, தான் யாருக்குக் கொடுத்தார், எதனால் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

இவ்வளவு கறாரான மனுஷன் எங்கே சறுக்கினார் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் காலத்துப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போதெல்லாம் மட்டாஞ்சேரிக் கொட்டகைகளுக்கு அடிதடிப் படம்தான் வரும். விருது வாங்குகிற மாதிரிப் படம் எர்ணாகுளத்தில் மட்டும், அதுவும் ஒரே வாரம்தான் ஓடும். வெங்கிடராமன் கடையில் வேலை முடிந்து, படகு பிடித்து அக்கரைக்குப் போய் முதல் காட்சியில் உட்காருவார். படம் விடுவதற்கு எட்டு ஐம்பத்தைந்து ஆகும். மட்டாஞ்சேரிக்குக் கடைசிப் படகோ எட்டே முக்காலுக்கு. ஆகவே எட்டு முப்பத்தைந்து, நாற்பதுக்கு எழுந்து, பக்கத்து சீட்டுக்காரனின் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்து, ஜெட்டிப் படகுத்துறைக்கு ஓட வேண்டும். பஸ்ஸில் வரலாமே என்று கேட்பீர்கள். அந்த நேரத்து பஸ் வந்தால் உண்டு. வராவிட்டால் வேறு பஸ்ஸில் தோப்பும்படி வரை வந்து, அங்கிருந்து நடைதான். மறுநாள் காலை ஆறரைக்கு லாரி வந்து நிற்குமே, அந்தச் சரக்கை யார் பார்ப்பது?

இவர் ஒருவர் மட்டுமில்லை, ஏழு பேர். எல்லோரும் மட்டாஞ்சேரிக்காரர்கள், எல்லோரும் சினிமாப் பைத்தியங்கள். இருட்டில் ஒருவரை ஒருவர் கிள்ளி எழுப்பிக்கொண்டு ஓடி வந்து படகில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கும். அடுத்த இருபது நிமிஷத்துக்கு ஒரே பேச்சுதான். படம் எப்படி முடிந்திருக்கும்? ஆளாளுக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஒருவன் கதாநாயகனைக் கொன்றுவிடுவான், இன்னொருவன் கல்யாணம் செய்து வைப்பான். கடைசியில் ஓட்டெடுப்பு. எந்த முடிவு ஜெயித்ததோ, அதைச் சொன்னவனுக்கு மட்டாஞ்சேரி ஜெட்டியில் மற்ற ஆறு பேரும் சேர்ந்து சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும். ஓட்டெடுப்பில் அடிக்கடி ஜெயித்தது கேசவ் என்று ஒரு பாங்க் கிளார்க். யாரையாவது குலுங்கிக் குலுங்கி அழவைக்காமல் அவனால் ஒரு படத்தை முடிக்க முடியாது.

இது விளையாட்டு என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் வருஷம் போகிறதல்லவா? கண்ணால் பார்த்தது எது, படகில் காதால் கேட்டது எது என்று யார் தனித்தனியாக எடுத்து வைத்தார்கள்? வெங்கிடராமனுக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து, பார்த்த கணக்கிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி மூக்கம்மாள்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். தொண்ணூற்றைந்தில் மூக்கம்மாளுக்கு இருபத்து மூன்று வயது. தலையில் செங்கல் சுமப்பாள். வேலை இல்லாத நாளில் பஜாரில் சுக்கு புடைக்க வருவாள். அந்த வருஷம் ஒரு டைரக்டர் 'நாலாம் நிலை' என்று ஒரு படம் எடுத்தார். நாலு மாடி வீடு கட்டுகிற கதை. சித்தாளாக நடிக்க எர்ணாகுளத்திலிருந்து வந்த நடிகைக்குச் செங்கலைத் தொட்டதும் விரல் நகம் உடைந்துவிட்டதாம். டைரக்டர் சுற்றிப் பார்த்தார். பக்கத்துக் கட்டடத்தில் பதினாறு செங்கல்லோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்த மூக்கம்மாளைக் கூப்பிட்டார். இரண்டு காட்சிக்குக் கூப்பிட்டவர், படம் முழுக்க வைத்துக்கொண்டார். சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிற கொத்தனின் மனைவி வேஷம்.

மறு வருஷம் மாநில விருதில் இரண்டாவது சிறந்த நடிகை என்று மூக்கம்மாளின் பேரைச் சொன்னார்கள். பஜாரே வாயைப் பிளந்தது. மறுநாள் காலை பத்தேகாலுக்கு அவளும் சாயாக்கடைக்கு வந்தாள். அப்போது கடை, அருண்பாண்டியின் மாமனார் பாண்டியராஜனுடையது. புதுச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கடைக்கு வெளியே ஓரமாக நின்றாள். மந்திரி சொன்னது இருக்கட்டும், சாமி வாயால் தன் பேரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பஜாரில் வேலை செய்கிற யாருக்குத்தான் இருக்காது?

வெங்கிடராமன் அவளைப் பார்க்கவில்லை. இரண்டாவது நடிகைக்கு வந்ததும் கையை விரித்தார். "இது தப்பு. சௌதாமினிக்குக் குடுத்திருக்கணும், அந்த வக்கீல் பொண்டாட்டி வேஷத்துக்கு. இந்தப் பொண்ணு என்ன பண்ணித்து? செங்கல் சுமந்தது. தினமும் செங்கல் சுமக்கறவ காமிரா முன்னாலயும் சுமந்தா அது நடிப்பா? கடைசியில புருஷன் படத்து மேல விழுந்து மாரில் அடிச்சுண்டு அழறா. அழறதுக்கு அவார்டுன்னா எல்லா எழவு வீட்டுக்கும் குடுக்கணும்."

கடை குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் தலையைத் திருப்பினார், மூக்கம்மாள் நிற்பதைப் பார்த்தார். சுருக்கென்றது. ஆனாலும் சொன்ன தீர்ப்பை ஆள் நிற்கிறாள் என்று மாற்றினால் அது தீர்ப்பா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சிறந்த ஒளிப்பதிவுக்குப் போய்விட்டார். திரும்பப் பார்த்தபோது அவள் இல்லை.

அதற்கப்புறம் மூக்கம்மாள் எந்தப் படத்திலும் வரவில்லை. வெங்கிடராமன் அதைக்கூடத் தன் கட்சிக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார். "பாத்தேளா, ஒரு படத்தோட தீர்ந்தது" என்று நாலைந்து வருஷம் சொல்லியிருப்பார். பிறகு அதுவும் மறந்துபோயிற்று.

இருபத்தொன்பது வருஷம் கழித்து, இந்த வருஷ விருதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவர் மகள் தன்யா ஒரு யோசனை சொன்னாள். தன்யா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிறவள். அப்பாவின் நாற்பது வருஷத் தேர்வுகளையும் இன்டர்நெட்டில் ஒரு பக்கமாகப் போடலாம், விருது அறிவிக்கிற அன்றைக்கே திறந்துவிடலாம் என்றாள். வெங்கிடராமன் உச்சி குளிர்ந்துபோனார். அவர் ஒவ்வொரு வருஷமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் மலையாளத்தில் எழுதிக்கொண்டாள். தமிழ் எழுத்து அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தவரிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இந்த 'நாலாம் நிலை'யில அவ கடைசியில படத்து மேல விழுந்து அழறான்னு சொன்னேளே?"

"ஆமாம். மாரில் அடிச்சுண்டு."

"அழவே இல்லையே!"

"போடி. சரியாப் பாரு."

"ஒரு போட்டோ வேணும்னு முழுப் படமும் ஓட்டிப் பாத்துட்டேன். எங்கேயும் அழலை. புருஷனோட படமே அந்தப் படத்துல இல்லை."

"கட் பண்ணியிருப்பான். இன்டர்நெட்டுல போடறவன் இஷ்டத்துக்கு வெட்டுவான்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, எழுந்து உட்கார்ந்துவிட்டார். அது எப்படி? அவர் கண்ணுக்குள் இன்னும் நிற்கிறதே, அந்தப் படம், மாலை, அவள் விழுகிற வேகம்! தன்யா லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, கடைசிக்குத் தள்ளிக் கொடுத்தாள்.

மொத்தம் பதினாலு நிமிஷம். வீடு கட்டி முடிந்துவிட்டது, கிரஹப்பிரவேசம். வேலை செய்தவர்களுக்கும் இலை போடுகிறார்கள். யாரோ கொடுத்த பழைய பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அவள் வருகிறாள். வீட்டுக்கார அம்மாள் பெருமையாக, "வா, மேலே போய்ப் பாரு" என்று மாடிக்கு அனுப்புகிறாள். அவள் ஏறுகிறாள். முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. நாலாம் மாடியில் அவள் புருஷன் விழுந்த இடத்தில் இப்போது கம்பி ஜன்னல். தரையைப் பார்க்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். கீழே இறங்கி வருகிறாள். "எப்படியிருக்கு?" என்று அம்மாள் கேட்க, "நல்லாருக்கு" என்கிறாள். இலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறாள். பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

வெங்கிடராமன் அந்தப் பதினாலு நிமிஷத்தையும் மறுபடி ஓட்டினார். மூன்றாம் தடவை மாடிப்படியில் நிறுத்தினார். அவர் கண் எப்போதும் இப்படி ஏதாவது ஒன்றில் போய் மாட்டிக்கொள்ளும். அவள் கழுத்து. வெறுந்தலையோடுதான் ஏறுகிறாள், ஆனால் கழுத்து அசையவில்லை. தலையில் பாரம் இருக்கிற மாதிரியே, கண் நேராகப் பார்த்தபடி, ஒவ்வொரு படியிலும் முழங்காலை மட்டும் மடக்கி ஏறுகிறாள். இறங்கும்போது அப்படி இல்லை. இறங்கும்போது கழுத்து தளர்ந்திருக்கிறது.

"ஏன்னா, மூஞ்சி ஏன் இப்படிப் போறது?" என்று அவர் மனைவி கங்கா வந்து நின்றாள்.

"கங்கா, நான் இதைப் பாக்கவே இல்லை போலிருக்கே."

கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிற கேசவுக்கு உடனே போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் கேசவ் போனே உடைகிற மாதிரிச் சிரித்தான். "எடா, அது என்னோட முடிவாக்கும்! படகுல நான் சொன்னது! மாரில் அடிச்சு அழறது, படத்து மேல மாலை, எல்லாம் நான் கட்டி விட்டது. அன்னிக்கு ஆறு ஓட்டு. நீகூட என் பக்கம் கை தூக்கினே. சாயா வாங்கித் தந்தேளே, ஓர்மையில்லையா?"

போனை வைத்துவிட்டு வெங்கிடராமன் படகுக் கதையை மனைவியிடம் சொன்னார். கங்காவுக்கு முழுக்கதையும் தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாக்கோட அடி வரைக்கும் குத்திப் பாக்காம ஒரு மணி மிளகுக்குத் தரம் சொல்ல மாட்டேள். நாற்பது வருஷமா அவார்டு படத்தை மட்டும் வாயைத் திறந்து பாத்துட்டு மூட்டையைக் கட்டியிருக்கேளே!" என்றாள். வேறொரு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். ஆனால் அவருக்குச் சாயாக்கடை வாசலில் நின்ற அந்தப் புதுச் சேலைதான் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

"அந்த இன்டர்நெட் பக்கம் வேண்டாம். திறக்காதே" என்று தன்யாவிடம் சொல்லிவிட்டார். அவள் ஏமாந்துபோனாள். அவர் விளக்கவில்லை.

மூக்கம்மாள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியதில்லை. பஜாருக்குப் பின்சந்தில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். அருண்பாண்டிக்குத் தினமும் அவள் மாவுதான். கங்காகூட அவசரத்துக்கு வாங்குவாள். வெங்கிடராமன் இத்தனை வருஷமாக அந்தச் சந்தைத் தாண்டிப் போயிருக்கிறார், பார்த்தால் தலையை ஆட்டுவார், அவளும் "வாங்க சாமி" என்பாள். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போனார். இரண்டு கிரைண்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன. மூக்கம்மாள் கையில் மாவோடு நிமிர்ந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் உடம்பு கனத்திருந்தது.

"வாங்க சாமி. ஒரு கிலோவா?"

"மாவுக்கு வரலை மூக்கம்மா. 'நாலாம் நிலை' பத்திப் பேசணும்."

அவள் கை நின்றது. "அதை எதுக்கு இப்ப?"

வெங்கிடராமன் ஒளிக்காமல் சொன்னார். படகு, எட்டே முக்கால், ஏழு பேர், கேசவ், சாயா. சொல்லச் சொல்ல அவருக்கே அது எவ்வளவு சில்லறைத்தனமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. "அந்தக் கடைசிப் பதினாலு நிமிஷம் நான் பாக்கவே இல்லை. பாக்காமதான் அன்னிக்குப் பேசியிருக்கேன்" என்று முடித்தார்.

மூக்கம்மாள் கையைக் கழுவினாள். ஒரு கிரைண்டரை அணைத்தாள், பிறகு மற்றதையும் அணைத்தாள். சந்தே அமைதியாகிவிட்டது.

"அப்ப எதுக்குச் சாமி அப்படிச் சொன்னீக?"

நாற்பது வருஷமாக எந்தக் கேள்விக்கும் காரணம் வைத்திருந்தவரிடம், இதற்குக் காரணம் கேட்டு அவள் காத்திருக்கவில்லை.

"அந்த டைரக்டரு அடுத்த படத்துக்கு ரெண்டு தடவ காரு அனுப்புனாரு" என்றாள் அவள். "போகல. எங்க வீட்டுக்காரரு போன்னுதான் சொன்னாரு. நாந்தான் போகல. சாமி சொன்னது சரிதானேன்னு தோணிப்போச்சு. நான் தெனம் செய்யுறத அவரு பாத்துப் படம் புடிச்சாரு, இதுல நான் செஞ்சது என்ன இருக்குன்னு. மத்தவுகள்லாம் முகத்துக்காக நல்லாருக்கும்பாக. உங்களுக்கு என்ன, என்கிட்ட ஏதாச்சும் ஆகணுமா? அதனால நீங்க சொன்னது நெசமா இருக்கும்னு நம்பிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் மாவு விலை சொல்கிற குரலில் சொன்னாள். வெங்கிடராமனுக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் மனுஷனின் சுபாவம் எங்கே போகும்? நேற்று மத்தியானத்திலிருந்து உள்ளே குடைந்துகொண்டிருந்ததைக் கேட்காமல் அவரால் நகர முடியவில்லை.

"மூக்கம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? மாடி ஏறும்போது அந்தக் கழுத்து. தலையில ஒண்ணும் இல்லை, ஆனா பாரம் இருக்கற மாதிரி ஏறினே. அது டைரக்டர் சொன்னதா?"

அவள் அவரையே பார்த்தாள்.

"கவனிச்சீகளா?"

"மூணு தடவை பார்த்தேன்."

"அவரு ஒண்ணும் சொல்லல. சும்மா மாடி ஏறிப் போயிட்டு வான்னுதான் சொன்னாரு." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேச்சு வேகமாக வந்தது. "நெசத்துல சொமைய எறக்கிட்டா எங்களுக்குக் கழுத்து தன்னால ஆடும் சாமி. அம்புட்டு சுகமா இருக்கும். நான் அப்படித்தான் நடப்பேன். அவ எப்படி நடப்பா? ராத்திரி பூராம் ரோசன பண்ணினேன். அந்த மாடிக்கு அவ ஒரு நாளும் வெறுந்தலையோட ஏறினதில்லையே. பட்டுச்சேல கட்டிக்கிட்டாலும் காலுக்கும் கழுத்துக்கும் அது தெரியாதில்ல? அதான் தலையில கல்லு இருக்கிறாப்புலயே ஏறினேன். மேல போயி அந்த எடத்தப் பாத்தப்புறந்தான் எறக்கி வச்சேன். எறங்கையில கழுத்து ஆடும், பாத்தீகளா?"

"பாத்தேன்."

"டைரக்டருகிட்டகூடச் சொல்லல. படம் வந்தா யாராச்சும் கேப்பாகன்னு இருந்தேன். பேப்பர்க்காரவுக வந்தாக. எத்தன செங்கல் சொமப்ப, என்ன சாப்புடுவன்னு கேட்டாக. இத ஒருத்தரும் கேக்கல."

"அது நடிப்பாக்கும் மூக்கம்மா" என்றார். "அந்த வருஷத்துல அதுக்கு மேல ஒண்ணு இல்லை. சௌதாமினி எல்லாம் பக்கத்துலேயே வர முடியாது. நான் மன்னிப்பு..."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்" என்று இடைமறித்தாள். எழுந்து ஒரு கிரைண்டரைப் போட்டாள். சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள். "இந்தச் சந்துக்குள்ள எனக்கு மட்டும் சொல்லி என்ன புண்ணியம்? அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னீகளோ, அங்க வச்சுச் சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்."

அடுத்த திங்கட்கிழமை விருது அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு அருண்பாண்டி கடையில் நிற்க இடமில்லை. இந்த வருஷத் தீர்ப்பில் பெரிய வெட்டுக்குத்து இருக்கும் என்று பஜாரில் பேச்சு. இசக்கிமுத்து லாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். மூக்கம்மாள் மாவு வாளியோடு வந்து, வாசலில் ஓரமாக நின்றாள். வெங்கிடராமன் அவளைப் பார்த்த பிறகுதான் கிளாஸை வைத்தார்.

"இந்த வருஷத்துக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை" என்று ஆரம்பித்தார். கடையில் சலசலப்பு. "கேளுங்கோ. தொண்ணூற்றாறுல இதே இடத்துல நான் ஒரு தப்பு பண்ணினேன். 'நாலாம் நிலை' படத்துக்கு இரண்டாவது நல்ல நடிகை அவார்டு குடுத்தது தப்புன்னு சொன்னேன். குடுத்தவா சரியாத்தான் குடுத்தா. நான் படத்தை முழுசாப் பாக்கலை. கடைசியைப் பாக்காம, செங்கல் சுமக்கறவ செங்கல் சுமந்தான்னு கேலி பண்ணினேன். அவங்க பண்ணினது நடிப்பு. முதல்தரமான நடிப்பு. அந்தப் படியேறற காட்சியை இப்பவும் யார் வேணும்னாலும் பாக்கலாம்." வாசல் பக்கம் திரும்பினார். "அவங்க பேரு மூக்கம்மாள். அதோ நிக்கறாங்க."

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, வரவில்லை. எல்லோரும் குழம்பிப்போய் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கடையில் இல்லை. செத்தவர்கள் போக மற்றவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். இப்போது நிற்கிறவர்களுக்கு இவர் எதைத் திருத்துகிறார் என்றே தெரியவில்லை.

"யாரு, நம்ம மாவு அக்காவா?" என்றான் இசக்கிமுத்து.

பதினொரு வருஷமாகத் தினமும் காலையில் அவளிடம் மாவு வாங்குகிற அருண்பாண்டி, பாலை ஆற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டான். "அக்கா, நீங்க சினிமாவுல நடிச்சிருக்கீங்களா? அவார்டு வாங்கியிருக்கீங்களா? எனக்குத் தெரியாதே!"

கடை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. யாரோ போனை எடுத்துப் படத்தின் பேரைத் தேட ஆரம்பித்தார்கள்.

"சத்தியமாவா அக்கா?" இசக்கிமுத்து அவள் பக்கத்திலேயே போய்விட்டான். "இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலயே, ஏன்?"

வெங்கிடராமன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தன்னைக் கைகாட்டப் போகிறாள், காட்டட்டும், அதுதான் நியாயம் என்று நின்றார்.

மூக்கம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள், பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்தாள்.

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் செய்யலன்னு நெனச்சிருந்தேன்டா" என்றாள்.